அந்த மண்ணில் வெளியூர் மாணவருக்கு என்ன வேலை? – வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஒரு வாசகி, “படிக்கிற காலத்தில் நீங்கள் போன மறக்க முடியாத பயணம் எது?” என்று கேட்டிருந்தார். 2009 அக்டோபரில், வட இங்கிலாந்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து பெத்லகேமுக்குத் தென்மேற்கே ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தின் தோட்டத்துக்கு ஆலிவ் காய் பறிக்கப் போனோம் என்று மூன்றே வரியில் பதில் எழுதினேன். அந்த மூன்று வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழின் பக்கம் முழுவதும் அவற்றுக்கே. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: செய்தியைத் திறந்தால் குண்டும் பிணமும்தான். இஸ்ரேலிலும் பாலஸ்தீனத்திலும் அமைதிக்காக உழைக்கும் சாதாரண ஜனங்கள் என்று உண்மையிலேயே யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். இரண்டு தகப்பன்மாரைப் பற்றிச் சொல்கிறேன்.

ரமி எல்ஹனான் ஜெருசலேம்காரர், இஸ்ரேலியர், வரைகலை வடிவமைப்பாளர். அவருடைய அப்பா ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். 1997 செப்டம்பர் 4 அன்று ரமியின் மகள் ஸ்மதார், பள்ளிப் புத்தகம் வாங்கத் தோழிகளோடு கடைத்தெருவுக்குப் போனாள். பென் யெகூதா தெருவில் தற்கொலைப் படையினர் குண்டை வெடித்தார்கள். அவளுக்கு 13 வயது.

பஸ்ஸாம் அராமின் பாலஸ்தீனர். 17 வயதில் இஸ்ரேலியப் படையிடம் பிடிபட்டு ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். யூதர்கள் அடிபடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம் என்று சிறைக்குள் யூத இனப்படுகொலை பற்றிய ஒரு படத்தைப் பார்க்க உட்கார்ந்தவர், பாதியில் தன்னை அறியாமல் அழுததைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஒரு காலத்தில் ஆயுதம் ஏந்திய இரு தரப்பாரும் சேர்ந்து 2006ல் ‘அமைதிக்கான போராளிகள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் பஸ்ஸாமும் ஒருவர். அடுத்த ஜனவரியிலேயே, 2007ல், ஜெருசலேமை ஒட்டிய அனாத்தா ஊரில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே அவருடைய பத்து வயது மகள் அபீரின் தலையில் எல்லைக் காவல்படை சுட்ட ரப்பர் குண்டு பட்டது. இரண்டு நாள் கழித்து இறந்தாள். யார் மீதும் குற்றவழக்கு இல்லை. பெற்றோர் உரிமையியல் வழக்குப் போட்டு, 2010ல் ஜெருசலேம் நீதிமன்றம் அரசுதான் பொறுப்பு என்று சொன்னது.

அபீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தத் தகப்பனோடு போய் உட்கார்ந்தவர் ரமி. பிறகு பஸ்ஸாமும் ரமி இருந்த ‘பெற்றோர் வட்டம் – குடும்பங்கள் மன்றம்’ என்ற அமைப்பில் சேர்ந்தார். பிள்ளையை, உடன்பிறந்தவரை, பெற்றவரைப் பறிகொடுத்த இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் மட்டுமே அதில் சேர முடியும். 1995ல் தொடங்கியது, இன்று எண்ணூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். மேலும் உறுப்பினர்கள் சேராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே சங்கம் எங்களுடையது என்று அவர்கள் சொல்வதுண்டு.

நான் இங்கிலாந்தில் ஒரு மாணவர் கூட்டத்தில் இந்த இருவரையும் கேட்டேன். அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்காவிட்டால் ஆலிவ் தோட்டத்துக்கும் போயிருக்க மாட்டேன். பின்னால் பஸ்ஸாமே பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அமைதி ஆய்வுத் துறை மாணவராகச் சேர்ந்தார். மகளை இழந்த ஒரு பாலஸ்தீனத் தகப்பன் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் பெயர்ந்து போய் அங்கே படித்தது, யூத இனப்படுகொலையின் வரலாறு. தம்பி, ‘வெளிநாட்டு மாணவர்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஸ்ரேலிய ஆட்சிக்கு எதிரான பாலஸ்தீனரின் எழுச்சியை இன்டிஃபாதா என்பார்கள். இரண்டாம் இன்டிஃபாதா எழுந்த சமயத்தில் டெல் அவீவ் பக்கம் ஓர் இஸ்ரேலியப் பெண் யாருக்கோ போன் போட்டு, ராங் நம்பராகிக் காசாவில் ஒரு பாலஸ்தீனர் எடுத்தார். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று அந்தப் பெண் கேட்டுவிட்டார். பேச்சு நீண்டது, இருவர் வீட்டாரும் பேசத் தொடங்கினார்கள். அதைக் கேள்விப்பட்ட பெற்றோர் வட்டம் 2002ல், எந்த இஸ்ரேலியரும் எந்தப் பாலஸ்தீனரும் ஒருவருக்கொருவர் இலவசமாகப் பேச ஒரு தொலைபேசி இணைப்பைத் திறந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. ஊரடங்கும் பேருந்துக் குண்டுகளும் இருந்த ஆண்டுகள் அவை. திட்டிவிட்டு வைப்பதற்காகக் கூப்பிட்டவர்களும் உண்டு. கூப்பிட்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்: பாலஸ்தீனர் ஒருவருக்கு நம் நாட்டின் இந்திரா காந்தி அமைதிப் பரிசு கிடைத்ததாகப் படித்தேன். யார் அவர்? ஏன் அதைப் பற்றி யாரும் பேசவில்லை?

ஐயா, 2023ம் ஆண்டுக்கான பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் இசை நடத்துநர் டேனியல் பாரன்பாயிம். பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதோடு சேர்ந்து 1999ல் அரபு, இஸ்ரேலிய இளைஞர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் இசைக்குழுவை உண்டாக்கியவர். இன்னொருவர் நீங்கள் கேட்பவர், அலி அபு அவ்வாத். ஹெப்ரோனுக்கு அருகே பெய்த் உம்மார் ஊர்க்காரர்.

அலியின் தாயார் அரசியல் செயற்பாட்டாளர். அவரும் சிறையில் இருந்தார். முதல் இன்டிஃபாதாவில் கைதான அலி, வேறு சிறையில் இருந்த தாயைப் பார்க்க அனுமதி கேட்டு 17 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அனுமதி கிடைத்தது. கல்லெறிந்து வாங்க முடியாததைப் பட்டினி கிடந்து வாங்க முடிந்தது என்பதை அவர் அங்கேதான் கற்றார். 2000ல் அண்ணன் யூசுஃபை ஓர் இஸ்ரேலியச் சிப்பாய் சுட்டுக் கொன்றார். துக்கம் விசாரிக்க வீடு தேடி வந்தவர்களில் பிள்ளையை இழந்த இஸ்ரேலியப் பெற்றோரும் இருந்தார்கள். ஓர் இஸ்ரேலியர் அழுவதை அவர் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்கு. பிறகு ‘தக்யீர்’ என்ற பாலஸ்தீன அகிம்சை இயக்கத்தைத் தொடங்கினார். அரபியில் ‘மாற்றம்’ என்று பொருள்.

நாம் பேசவில்லை என்பது உண்மை. எனக்கும் அது வருத்தம்தான். நம் பாடப்புத்தகத்தில் சத்தியாகிரகம் 1947ல் முடிந்துபோன கதையாக இருக்கிறது.

மாணவி, டப்ளின்: எங்கள் பல்கலைக்கழகத்தில் காசாவுக்காக நடந்த கூடாரப் போராட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பிலிருந்து பேச்சாளர்களை அழைக்கலாம் என்று சொன்னேன். “இது நார்மலைசேஷன்” என்று சொல்லிப் போராட்டத் தோழிகள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். யூதத் தோழி ஒருத்தி நான் கூடாரத்துக்குப் போனதிலிருந்தே பேசவில்லை. நான் எங்கே நிற்பது அக்கா?

நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தோழிகள் சொன்ன சொல். அரபியில் அதை ‘தத்பீ’ என்பார்கள். இயல்பாக இல்லாத ஒன்றை இயல்பானதுபோல் ஆக்குவது. பாலஸ்தீனர் வாழும் மேற்குக் கரை 1967 முதல் இஸ்ரேலிய ராணுவ ஆட்சியில் இருக்கிறது. ஒருவர் ஆள்பவர், இன்னொருவர் ஆளப்படுபவர். இருவரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து “இருவருக்கும் வலி இருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிட்டால், மேஜைக்கு வெளியே எதுவும் மாறாது. ஆனால் மாறிவிட்டதாக ஒரு புகைப்படம் மிஞ்சும். இதுதான் அவர்கள் பயம். இரு தரப்பும் செய்துகொண்ட 1993 ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட கூட்டங்கள் ஏராளம் நடந்தன. அதே ஆண்டுகளில் மேற்குக் கரையில் இஸ்ரேலியர் கட்டும் குடியேற்றங்களும் பெருகின. அதனால் அந்தப் பயத்தை அலட்சியமாகத் தள்ளாதீர்கள்.

நானே ஒன்றைப் பார்த்தேன். நாங்கள் ஆலிவ் தோட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன் பல்கலைக்கழகத்தில் ஒரு கலந்துரையாடல் நடந்தது. எங்கள் எட்டுப் பேரில் ஒருவன் ஜெருசலேம் பையன். அந்தக் கூட்டத்துக்கு வந்த இன்னொருத்தி, மேற்குக் கரையில் பெத்லகேமை ஒட்டிய பெய்த் ஜாலாவைச் சேர்ந்தவள். இரண்டு ஊருக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். அவன், இரண்டாம் இன்டிஃபாதா காலத்தில் பள்ளிக்குப் போகப் பேருந்தில் ஏறும்போதெல்லாம் கதவுக்கு அருகே நின்றுகொண்டு உள்ளே வருகிறவர்கள் குண்டு கட்டியிருக்கிறார்களா என்று சட்டையைப் பார்ப்பேன் என்றான். சொல்லும்போதே அவன் கை தன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. அவள் அதைக் கேட்டுவிட்டு, “கிறிஸ்துமசுக்கு நீ எப்படி வீட்டுக்குப் போவாய்?” என்று மட்டும் கேட்டாள். விமானத்தில் ஐந்து மணி நேரம், பென் குரியன் விமான நிலையத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் என்றான். “எனக்கு அந்த விமான நிலையம் கிடையாது. நான் அம்மானில் இறங்கி, ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் ஜோர்டானிலிருந்து மேற்குக் கரைக்குள் வரும் அலன்பி பாலத்தில் வரிசையில் நிற்க வேண்டும்” என்றாள். அவனுக்கு அது தெரியாது. இருபத்து நாலு வயதுவரை தெரியாது.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து ஒரு சுவரொட்டி செய்தார்கள். நடுவில் எங்கள் பல்கலைக்கழகம். அங்கிருந்து அவன் வீட்டுக்கு ஒரு கோடு, அவள் வீட்டுக்கு ஒரு கோடு. ஒன்றில் ஏழு மணி நேரம், மற்றதில் இரண்டு நாள். கீழே கருத்து எதுவும் எழுதவில்லை. மாணவர் சங்கக் கட்டடத்தின் படிக்கட்டில் அது பருவம் முழுவதும் இருந்தது.

அந்தக் கூட்டத்தை ‘தத்பீ’ என்று சொல்ல முடியுமா? என்னால் முடியாது. சமமில்லாததைச் சமம் என்று யாரும் சொல்லவில்லை. அவனுடைய பயத்தையும் யாரும் பொய் என்று சொல்லவில்லை. இஸ்ரேலியக் கல்வி நிறுவனங்களைப் புறக்கணிக்கச் சொல்லும் பாலஸ்தீனக் கல்விப் புறக்கணிப்பு இயக்கத்தின் விதியிலேயே, பாலஸ்தீனரின் உரிமைகளை இஸ்ரேலியத் தரப்பு ஏற்றுக்கொண்டு, ஆக்கிரமிப்பைச் சேர்ந்து எதிர்க்கும் வேலை என்றால் அது தத்பீ ஆகாது என்று இருக்கிறது. எங்கே கோடு போடுவது என்பதில்தான் சண்டை. ‘சேர்ந்து நிற்போம்’ என்ற இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலுக்குள் இருக்கும் யூதர்களும் பாலஸ்தீனக் குடிமக்களும் சேர்ந்து 2015ல் தொடங்கியது. 2024 ஜனவரியில் இதே புறக்கணிப்பு இயக்கம் அவர்களைத் தத்பீ என்று அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம், காசாவுக்குப் போன உணவு லாரிகளைத் தீவிரக் குடியேற்றவாசிகள் தர்குமியா சோதனைச்சாவடியில் மறித்து மூட்டைகளைக் கிழித்து ரோட்டில் கொட்டியபோது, லாரிகளுக்குப் பக்கத்தில் போய் நின்று காவல் காத்தவர்கள் அந்த இயக்கத்தின் தன்னார்வலர்கள். ரோட்டில் கிடந்த மூட்டைகளை அள்ளி மறுபடி லாரியில் ஏற்றினார்கள். காசாவில் பசித்திருந்த ஒரு குழந்தைக்கு அந்த மாவு போயிருந்தால், அது யார் கையால் ஏற்றப்பட்டது என்று அதன் தாய் கேட்டிருக்க மாட்டாள். என் மனச்சாய்வு எங்கே என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதற்காகக் கூடாரம் போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய அந்தக் கூடாரங்கள் காசாவிலிருந்து உலகம் பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டன. உங்கள் டப்ளினிலேயே ட்ரினிட்டி கல்லூரி மாணவர்கள் ஐந்தே நாளில், குடியேற்றங்களில் தொழில் செய்யும் நிறுவனங்களிலிருந்து கல்லூரியின் முதலீட்டை எடுக்கவைத்தார்கள். அது சின்ன விஷயமா? ஆனால் வளாகத்துச் சண்டை வளாகத்துக்காகவே நடக்கத் தொடங்கும் ஒரு நாள் வரும். யார் அதிகம் சுத்தமானவர், யார் எந்த வார்த்தையைச் சொன்னார் என்பதே பேச்சாகும். அந்த நாளில் அங்கே வாழ்கிற ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவையுங்கள். யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மேடையில் பாலஸ்தீனர் விருந்தாளியா, அமைப்பை நடத்துபவர்களில் ஒருவரா? கூட்டம் முடிந்த மறுநாள் அந்த அமைப்பு ஊரில் போய் என்ன வேலை செய்கிறது? இரண்டுக்கும் நேரான பதில் இருந்தால் அழையுங்கள். தோழிகளையும் அழையுங்கள், அவர்களுடைய கடுமையான கேள்விகளோடு. அந்தப் பேச்சாளர்கள் அதைவிடக் கடுமையானதைத் தங்கள் வீட்டிலேயே கேட்டவர்கள்.

அந்த யூதத் தோழியைப் பற்றி. அவள் கழுத்தில் இருக்கும் யூத அடையாளமான தாவீதின் நட்சத்திரத்தைப் பார்த்து யாரும் அவளிடம் காசாவுக்குக் கணக்குக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டபோது நீங்கள் பக்கத்தில் நின்று பேசாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காக மட்டும் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். கூடாரத்துக்குப் போனதற்காகக் கேட்க வேண்டாம்.

வாசகர், சென்னை: விவியன் சில்வர் என்ற அமைதிப் போராளியையே ஹமாஸ் கொன்றுவிட்டது. உங்கள் ஆலிவ் கதைகளுக்கெல்லாம் அதுதானே பதில்?

விவியன் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் பிறந்தவர். ஜெருசலேமுக்கு முதலில் வந்ததே வெளிநாட்டு மாணவியாக, 1968ல், ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படிக்க. 1990 முதல் காசா எல்லையோரம் பெயேரி கிப்புட்ஸில் (கூட்டு வாழ்க்கைக் கிராமத்தில்) இருந்தார். 2014 போருக்குப் பிறகு ‘பெண்கள் அமைதியை ஆக்குவோம்’ இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். காசாவிலிருந்து சிகிச்சைக்கு வரும் நோயாளிகளை எல்லையிலிருந்து இஸ்ரேலிய ஆஸ்பத்திரிகளுக்குத் தன் காரில் கொண்டுபோவார். 2023 அக்டோபர் 4ம் தேதி, அந்த இயக்கத்துப் பெண்களும் ‘சூரியனின் பெண்கள்’ என்ற பாலஸ்தீனப் பெண்கள் இயக்கத்தாரும் ஜெருசலேமிலும் சாக்கடல் கரையிலும் ஒன்றாகக் கூடினார்கள். மூன்று நாள் கழித்து அவர் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார். கடத்தப்பட்டிருப்பார் என்று குடும்பம் ஐந்து வாரம் நம்பிக்கொண்டிருந்தது. 74 வயது.

நீங்கள் கேட்டதையே அவர் மகன் யோனதன் ஸெய்கனிடமும் கேட்டார்கள். அம்மா போன வழிக்கு இதுதான் பலனா என்று. அவர் அப்போது சமூகப் பணியாளர். அந்த வேலையை விட்டுவிட்டு அம்மா செய்த வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அந்த அக்டோபர் 7 தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு காசாவில் அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்குப்படி 70,000க்கும் மேல். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, தோற்றுப்போனது விவியனின் வழிதான் என்று என்னால் எழுத முடியாது ஐயா. கையில் அதிகாரம் இருந்த யாரும் அவருடைய வழியில் நடந்து பார்க்கவில்லை.

தாய், கோயம்புத்தூர்: என் மகள் நெதர்லாந்தில் படிக்கிறாள். உங்கள் மூன்று வரியை அவளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுதான் நான் செய்த தப்பு. இப்போது அக்டோபரில் மேற்குக் கரைக்கு ஆலிவ் பறிக்கப் போகிறேன் என்கிறாள். நீங்களே சொல்லுங்கள், உங்கள் பெண்ணை அனுப்புவீர்களா?

எனக்கும் 17 வயதில் ஒரு பெண் இருக்கிறாள் அம்மா. அவளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் மறைக்கக் கூடாத பெயர்கள் இருக்கின்றன. ரேச்சல் கோரி, அமெரிக்காவின் ஒலிம்பியா ஊர் மாணவி, 23 வயது. 2003 மார்ச் 16, காசாவின் தெற்கே ராஃபாவில் ஒரு வீட்டை இடிக்க வந்த ராணுவ புல்டோசருக்கு முன் நின்று இறந்தாள். விபத்து என்றது இஸ்ரேலிய நீதிமன்றம். பெற்றோர் இன்றுவரை ஏற்கவில்லை. அதற்கு அடுத்த மாதமே அதே ராஃபாவில் டாம் ஹர்ண்டால், மான்செஸ்டரில் புகைப்படக் கலை படித்த பையன், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே மாட்டிய குழந்தைகளை இழுத்து ஒதுக்கும்போது தலையில் சுடப்பட்டான். ஒன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து இறந்தான். சுட்ட சிப்பாய்க்கு எட்டு ஆண்டு தண்டனை. ஐஷேநூர் எஸ்கி எய்கி, 26 வயது, அமெரிக்காவில் பட்டம் வாங்கிய சில மாதத்தில், 2024 செப்டம்பர் 6 அன்று மேற்குக் கரையில் பெய்த்தா ஊரில் ராணுவம் சுட்டு இறந்தாள். அவளைக் குறிவைக்கவில்லை என்றது ராணுவம்.

இந்த மூவரின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அதற்குக் காரணம் அவர்களுடைய பாஸ்போர்ட். 2025 ஜூலையில் மேற்குக் கரையின் உம் அல்-கைர் கிராமத்தில் குடியேற்றவாசி ஒருவர் சுட்டபோது இறந்த அவ்தா ஹதாலீன், அந்த ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். எத்தனையோ வெளிநாட்டுத் தன்னார்வலருக்குத் தன் வீட்டில் சோறு போட்டவர். வெளிநாட்டு மாணவர்கள் அங்கே போய் நிற்பதன் பொருளே இதுதான். அயலூர்க்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரு கணம் யோசிப்பார். ஓர் உயிருக்கும் இன்னோர் உயிருக்கும் இப்படி விலை வித்தியாசம் இருப்பது அநியாயம். அந்த அநியாயத்தையே கொஞ்ச நேரம் குடையாகப் பிடிப்பதுதான் அந்த வேலை.

நாங்கள் போனது நஹாலீன் ஊருக்கு அருகே ‘நாடுகளின் கூடாரம்’ என்ற தோட்டம். நாசர் குடும்பத்தின் தாத்தா 1916ல் வாங்கிய நிலம். ஒட்டோமான், பிரிட்டிஷ், ஜோர்டான், இஸ்ரேல் என்று நான்கு ஆட்சியின் காகிதங்களும் கையில் வைத்திருக்கிறார்கள். இருந்தும், அது அரசு நிலம் என்று இஸ்ரேல் சொல்ல, 1991 முதல் வழக்கு. சுற்றிலும் குன்றுகளின் மேல் குடியேற்றங்கள். பாதையைப் பாறை போட்டு அடைத்திருந்தார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன்மேல் ஏறி இறங்கித்தான் போனோம். தாண்டியதும் ஒரு கல்லில் பல மொழிகளில் எழுதியிருந்தது: ‘நாங்கள் எதிரிகளாக இருக்க மறுக்கிறோம்’. கட்டடம் கட்ட அனுமதி கிடைக்காததால் குகைகளில் படுத்தோம். நம் ஊர் பைபிளில் ‘ஒலிவ மரம்’ என்று படித்ததைத் தவிர நான் ஆலிவைப் பார்த்ததில்லை. மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, கிளையைக் கையால் உருவினால் காய்கள் மழை மாதிரி கொட்டும். பத்து மணிக்குக் கற்பூரவாசனை அடிக்கும் ஓர் இலையைப் போட்டுத் தேநீர் தருவார்கள், ‘மரமியா’ என்று பெயர். மாலையில் விரல் நகமெல்லாம் கருத்துப் போயிருக்கும். அந்த ஜெருசலேம் பையனும் எங்களோடு வந்தான். நான்காம் நாள் மேட்டில் சிப்பாய்கள் வந்து நின்றபோது, முதலில் எழுந்து போய் ஹீப்ருவில் பேசினவன் அவன். திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் என் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான். அன்று ராத்திரி நான் மதுரைக்குப் போன் போட்டேன். சிப்பாய்களைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா கேட்ட ஒரே கேள்வி, “சோறு கிடைக்குதா?”

ஐந்து ஆண்டு கழித்து, 2014 மே மாதம், அறுவடைக்குத் தயாராக இருந்த நூற்றுக்கணக்கான பழமரங்களைப் புல்டோசர் புரட்டிப்போட்டது என்று செய்தி வந்தது. பிறகு பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து அங்கே கன்று நட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு. இந்த அக்டோபரில் நான் என் பெண்ணை அனுப்ப மாட்டேன். 2009 வேறு. இப்போது அறுவடைக் காலத்தில் தாக்குதல்கள் மிக அதிகம். 2025 அறுவடையில் முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தன்னார்வலர்களைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ஒரு வருடம் பொறு என்று சொல்வேன். அந்த ஒரு வருடத்தில் அரபியோ ஹீப்ருவோ எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். தனியாகவோ நண்பர்கள் இருவர் மூவராகவோ போகக் கூடாது. பயிற்சி கொடுத்து, உள்ளூர்க்காரர்கள் கேட்ட இடத்துக்கு மட்டும் அனுப்புகிற அமைப்போடு போக வேண்டும். உலகத் திருச்சபை மன்றம் 2002 முதல் அப்படி மூன்று மாதத்துக்கு ஆட்களை அனுப்பி வருகிறது. பயிற்சி முடித்து, அப்போதும் போகிறேன் என்றால் தடுக்க எனக்கு வாய் இருக்காது. மகளிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். அவள் என்மேல் கோபப்பட்டால் எனக்கே எழுதச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சி மாணவர், ஹைதராபாத்: வெளிநாட்டு மாணவர் என்றால் இஸ்ரேலுக்குள்ளேயே நுழைய முடியாதாமே?

எல்லோருக்கும் அப்படி இல்லை. இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லி வெளிப்படையாக அழைப்பு விடுத்த வெளிநாட்டவரைத் தடுக்கலாம் என்று 2017ல் சட்டம் திருத்தினார்கள். 2018 அக்டோபரில் லாரா அல்காசம் என்ற அமெரிக்க மாணவி, கையில் முறையான மாணவர் விசாவோடு வந்தும், பென் குரியனில் இரண்டு வாரத்துக்கு மேல் அடைத்துவைக்கப்பட்டார். மனித உரிமைகள் பட்டப்படிப்புக்கு அவரைச் சேர்த்திருந்த ஹீப்ரு பல்கலைக்கழகமே அவர் பக்கம் நின்று நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றம் அவரை உள்ளே விட்டது. அவருக்காகக் கையெழுத்துப் போட்டவர்களில் இஸ்ரேலியப் பேராசிரியர்கள் பலர். ஒருமைப்பாடு எந்தத் திசையிலிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நீங்கள் சுற்றுச்சூழல் துறை என்பதால் ஒரு தகவல்: தெற்கே கெத்தூரா கிப்புட்ஸில் 1996 முதல் அரவா கல்வி நிலையம் இருக்கிறது. இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர், பிற நாட்டார் ஒன்றாகத் தங்கித் தண்ணீரையும் கழிவுநீரையும் பற்றிப் படிக்கிறார்கள்.

பொறியியல் மாணவி, நாகர்கோவில்: எனக்கு பாஸ்போர்ட்கூட இல்லை மேடம். இங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

இஸ்ரேல் தன் போர்வீரர்களை நினைவுகூரும் நாளுக்கு முந்தின மாலை, அமைதிக்கான போராளிகளும் பெற்றோர் வட்டமும் சேர்ந்து ஒரு கூட்டு நினைவேந்தல் நடத்துகிறார்கள். 2006ல் தொடங்கியது. இரு தரப்பிலும் இறந்தவர்களை ஒரே மேடையில் நினைக்கிறார்கள். மேற்குக் கரையிலிருந்து வரவேண்டிய பாலஸ்தீனருக்கு அரசு அனுமதி மறுத்து, 2018லும் 2019லும் நீதிமன்றம் போய் வாங்கினார்கள். 2025ல் ரஅனானா நகரத்தில் ஒரு யூத வழிபாட்டுக் கூடத்தில் அதைத் திரையில் காட்டியபோது, பார்க்க வந்தவர்களை ஒரு கும்பல் தாக்கியது. கல்லடி பட்டும் பார்க்க வேண்டிய நிகழ்ச்சியாக அது அங்கே இருக்கிறது. கொரோனா வந்த 2020ல் அது முழுக்க இணையத்துக்கு மாறியது, உலகத்தில் எங்கிருந்தும் பார்க்க முடிந்தது. அன்றிலிருந்து பல நாட்டு மாணவர்கள் தங்கள் வளாகத்தில் கூடிப் பார்க்கிறார்கள்.

நான் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில் மூன்று ஆண்டாக வரலாற்றுத் துறை மாணவிகள் பார்க்கிறார்கள். நம் நேரத்துக்கு நள்ளிரவு ஆகிவிடும் என்பதால் மறுநாள் மதியம், பதிவை. ஆங்கில எழுத்து திரையில் ஓடும். ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்காகப் போன முறை ஒரு மாணவி பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தாய் மகனின் பெயரைச் சொன்ன இடத்தில் அவளால் மேலே பேச முடியவில்லை. அரபியிலேயே விட்டுவிட்டோம். எல்லோருக்கும் புரிந்தது.

நினைவுநாள் யூத நாட்காட்டிப்படி ஏப்ரல் நடுவுக்கும் மே நடுவுக்கும் இடையில் வரும். நாகர்கோவிலில் ஒரு வகுப்பறையும் ஒரு புரொஜெக்டரும் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். தமிழில் சொன்ன அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.